கொக்கின் வழக்கு

கால்பந்து ஆடுகிறவர்களுக்கு ஒப்பந்தம் பேசிக் கொடுப்பது அவருடைய தொழில். முகவர் என்று சொன்னால் காப்பீடா, வீட்டுமனையா என்று கேட்பார்கள். அதனால் புதிதாக யாரிடமாவது அறிமுகமாகும்போது, ஆட்டக்காரர்களுக்கும் கிளப்புக்கும் நடுவில் பேசுகிற ஆள் என்று சொல்லிவிடுவார். நல்ல நாட்களில் நடுவில் பேசுகிற ஆள், மற்ற நாட்களில் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள்.

அவரும் ஒரு காலத்தில் ஆடியவர்தான். இடது பக்கத் தடுப்பாட்டம். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு, ஆடத் தெரிந்த பிள்ளைகள் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்துப் பார்த்து இந்த வேலைக்கு வந்தார். டயர் கடையின் மாடியில் ஓர் அறைதான் அலுவலகம். மேசை, நாற்காலி, திரைச்சீலை எல்லாவற்றிலும் ரப்பர் வாசனை. கீழே காற்றடிக்கிற இயந்திரம் நினைத்தபோது கிளம்பும், நினைத்தபோது அடங்கும். அதிலும் ஒரு வசதி இருந்தது. ஏதாவது கிளப் அதிகாரியிடம் போனில் கத்தித் தீர்த்துவிட்டு, மறுநாள் "கீழ மெஷின் சத்தம் சார், அதான் கொஞ்சம் உரக்கப் பேசினேன்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

அவர் பார்த்துக்கொண்ட ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் ஒரே கிளப்பில் இருந்தார்கள். ஒருவன் அந்த அணியின் கேப்டன். தடுப்பாட்டக்காரன், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், முகவரிடம் முதன்முதலில் வந்து சேர்ந்தவன். இன்னொருவன் கொக்கு. அவன் முகவருடைய மனைவியின் தம்பி.

கொக்கு என்பது அவனுக்கு மைதானம் வைத்த பெயர். நெடுநெடுவென்று வளர்ந்தவன். ஷூ கயிறு கட்டுவதற்குக்கூடக் கீழே உட்கார மாட்டான், ஒற்றைக் காலில் நின்றபடியே கட்டிவிடுவான். பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசியில் வர்ணனை செய்கிறவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவன் ஆடியது நடுக்களத்தில். கோல் அடிக்கிறவன் இல்லை, நாலு பேரைத் தாண்டிக் கூட்டத்தை எழுப்புகிறவனும் இல்லை. அவனிடம் அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்க வந்தவர்களுக்குச் சொல்லத் தெரியாது. கூட ஆடியவர்களைக் கேட்டால் தெரியும். யாராவது பந்தைக் காலில் வைத்துக்கொண்டு திணறும்போது தலையை நிமிர்த்தினால், பக்கத்தில் எங்கேயாவது அவன் நிற்பான், கையை லேசாகத் தூக்கி, எனக்குக் கொடு என்று. வாங்குவான், இரண்டே தொடலில் சரியான ஆளிடம் சேர்ப்பான், அடுத்தவன் திணறப்போகும் இடத்துக்கு நகர்ந்துவிடுவான். "கொக்கு இருந்தா மூச்சு விடலாம்" என்பான் கேப்டன். இருவரும் ஒரே விடுதி அறையில் கிடந்து வளர்ந்தவர்கள்.

சொந்தத்துக்குள் தொழில் வேண்டாம் என்றுதான் முகவர் முதலில் தட்டிக்கழித்தார். மனைவி விடவில்லை. எவனோ ஒருத்தன் என் தம்பியை ஏலம் போடுவதற்குப் பதிலாக நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிடித்த பிடியில் நின்றாள். அவரும் தலையாட்டினார். இருக்கிற கிளப்புகளில் பெரியதாகப் பார்த்து, நல்ல ஒப்பந்தமாகவே பேசி வாங்கிக் கொடுத்தார். முதல் இரண்டு சீசன் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

பிறகு புதிய பயிற்சியாளர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அவருக்கு வேகம் வேண்டும், கொக்கிடம் அது இல்லை, அவ்வளவுதான். கொக்கின் பெயர் முதலில் ஆடுகிறவர்கள் பட்டியலிலிருந்து போனது, பிறகு மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையிலிருந்தும் போனது. இது எந்தக் கிளப்பிலும் நடப்பதுதான். ஆட வேறு இடம் பார்த்துக் கொடுப்பது முகவரின் வேலை. பார்த்தார். ஒரு சிறிய கிளப் உடனே கை நீட்டியது. அவர்களுக்குக் கொக்கு போன்ற ஒருவன் பல வருடமாகத் தேவைப்பட்டான்.

முகவர் போய் நிர்வாக இயக்குநரைப் பார்த்தார். கண்ணாடி மேசை, சுவரோரம் கோப்பைகள் அடுக்கிய அலமாரி, மூலையில் அவ்வப்போது களக் களக்கென்று தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் தண்ணீர் இயந்திரம். இயக்குநர் எப்போதும் மரியாதை குறையாமல் பேசுகிறவர். பேசும்போது காகிதம் கோக்கும் வளைந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நேராக்கிக்கொண்டே இருப்பார். அவர் சொன்னது இதுதான்: கொக்கை வாங்குவதற்குக் கிளப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. இப்போது சும்மா அனுப்பினால் முதலாளிகள் என் சட்டையைப் பிடிப்பார்கள். அந்தச் சின்னக் கிளப் விலை கொடுக்கட்டும், நாளைக்கே அனுப்புகிறேன்.

அந்தக் கிளப் காலுறை வாங்கவே ஆட்டம் தோறும் உண்டியல் குலுக்குகிற கிளப். அது இயக்குநருக்கும் தெரியும்.

"அப்ப ஆடவாவது விடுங்க சார்," என்றார் முகவர்.

"அது கோச் முடிவு. அதுல நான் தலையிட முடியாது."

அனுப்பவும் மாட்டார்கள், ஆடவும் விடமாட்டார்கள். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு சீசன் பாக்கி. இப்படி அந்தரத்தில் தொங்கவிட்டால் ஆட்டக்காரனே ஒரு நாள் வெறுத்துப்போய் வெளியே நடப்பான். நடந்தால் ஒப்பந்தத்தை முறித்த குற்றம் அவன் தலையில் விழும். கிளப் நஷ்ட ஈடு கேட்கலாம், கால்பந்துச் சங்கம் அவனை ஆட விடாமல் தடை போடலாம். எத்தனையோ கிளப்புகள் செய்து பழகிய வேலை இது. முகவருக்குப் புதிதல்ல. தன் வீட்டுக்குள் வந்ததுதான் புதிது.

அடுத்த கட்டமும் அவர் எதிர்பார்த்தபடியே வந்தது. கொக்கு இனி தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உத்தரவு. உடை மாற்ற அணியின் அறை கிடையாது. மைதானத்துக்குக் கோடு போடும் சாயத் தகரங்களும் மூலைக் கொடிகளும் கிழிந்த வலைகளும் கிடந்த ஓர் அறையில் அவனுக்கு ஒரு பெஞ்சு போட்டார்கள். அணி பயிற்சி முடித்துக் குளித்துக் கிளம்பிய பிறகு அவன் இறங்கலாம். ஆரம்பத்தில் துணைப் பயிற்சியாளர் ஒருவர் கூட நின்றார். பிறகு அவரும் வரவில்லை. இன்றைக்கு ஓட்டம் மட்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். மறுநாளும் ஓட்டம் மட்டும்தான்.

கேப்டன் சில நாள் ஒரு காரியம் செய்தான். பயிற்சி முடிந்ததும் ஒரு பந்தை மறந்தவன் மாதிரி வேலியோரப் புல்லில் விட்டுவிட்டுப் போவான். ஆள் இல்லாத மைதானத்தில் கொக்கு அதை எடுத்துச் சுவரில் அடித்து வாங்கிக்கொள்வான். இது யார் கண்ணிலோ பட்டது. அதற்குப் பிறகு பந்துகளை எண்ணிப் பையில் போட்டுப் பூட்டினார்கள்.

ஒரு மதியம், மைதான வாசலில் முகவரின் காருக்குள் உட்கார்ந்துகொண்டு கொக்கு சொன்னான்: "நான் போயிடறேன் அத்தான்."

"எங்க போவ?"

"அந்தச் சின்னக் கிளப்புக்கு. அவங்க எதுவும் குடுக்க வேணாம். சாப்பாடு போட்டா போதும்."

முகவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நீ இந்த வாசலைத் தாண்டிப் போன நிமிஷமே அவர்கள் நினைத்தது நடந்துவிடும். தடை வந்தால் அந்தச் சின்னக் கிளப்பிலும் கால் வைக்க முடியாது. தடை முடிகிற வரை அவர்களும் காத்திருக்கமாட்டார்கள். அதைவிட இங்கேயே இரு. காலையில் வா, அவர்கள் ஓடச் சொன்னால் ஓடு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதே, காய்ச்சல் என்றால்கூட வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. காரணமே இல்லாமல் ஒதுக்கி வைத்தால் அது கிளப்பின் தப்பு என்று விதி இருக்கிறது. நான் சங்கத்தின் தீர்ப்பாயத்துக்குப் போகிறேன். அணியோடு சேர்த்தே ஆகவேண்டும் என்று உத்தரவு வாங்கித் தருகிறேன்.

"கொஞ்சம் பல்லக் கடிச்சிக்கிட்டு இரு," என்றார். "நீ இருக்கறதுதான் நம்ம கேஸே."

கொக்கு தலையை ஆட்டினான். அவனுக்கு அத்தான் சொன்னால் சரிதான்.

அவர் சொன்னது தப்பான ஆலோசனை இல்லை. அந்தத் தொழிலில் இருந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பின்னால் எத்தனையோ முறை அவர் தனக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு ஓட்டையும் தென்படவில்லை. அதுதான் அவரை வாட்டியது.

முதலில் கிளப்புக்கு எச்சரிக்கைக் கடிதம். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்துக்கு, ஆட்டக்காரரின் உடற்தகுதியை மேம்படுத்தத் தனிப்பயிற்சி தரப்படுகிறது என்று கிளப்பின் வக்கீல் பதில் எழுதினார். அதன் பிறகுதான் தீர்ப்பாயத்தில் மனு. அங்கே ஒரு தேதி கொடுப்பார்கள், கிளப்பின் வக்கீல் அவகாசம் கேட்பார், இன்னொரு தேதி கொடுப்பார்கள். இப்படி இழுத்தடித்ததில் மழைக்காலம் வந்து, அதுவும் போனது. கொக்கு மழையிலும் ஓடினான். அடுத்தவர்கள் ஆடிச் சேறாக்கி வைத்த மைதானத்தை அவன் ஓரமாகவே சுற்றினான்.

வார இறுதியில் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். முன்பெல்லாம் வந்து உட்கார்ந்தால் உப்புக் குப்பியையும் தம்ளர்களையும் நகர்த்தி, போன ஆட்டத்தில் யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று அத்தானுக்குப் பாடம் நடத்துவான். சாப்பாட்டு மேசையில ஒரு கிளாஸ்கூட வச்ச இடத்துல இருக்கறதில்ல என்று அக்கா அலுத்துக்கொள்வாள். இப்போது தம்ளர்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. கேட்டதற்குப் பதில் சொல்வான், போட்டதைச் சாப்பிடுவான். தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடினால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவான்.

ஒரு நாள் அவன் கிளம்பிப் போனபிறகு அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டாள்: "அவன எதுக்குங்க அங்கயே நிறுத்தி வச்சிருக்கீங்க?"

அவர் விதிகளை விளக்க ஆரம்பித்தார். அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒருவழியாக விசாரணை நடந்தது. சங்கத்தின் கட்டடத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று உறுப்பினர்கள். கிளப்பின் வக்கீல் தனிப்பயிற்சியின் மகத்துவத்தைப் பற்றி அழகாகப் பேசினார். முகவர் சாயத் தகரங்களுக்கு நடுவில் கிடந்த அந்தப் பெஞ்சின் படத்தை மேசைமேல் வைத்தார். இந்தத் தகரங்களும் உடற்தகுதிக்குத்தானா என்று கேட்டார். உறுப்பினர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தலைவராக இருந்த வயதான பெண்மணி சிரிக்கவில்லை. அவர் கொக்கை நேராகப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

கொக்கு எழுந்து நின்றான். "எல்லாரோடயும் ஆடணும் மேடம்," என்றான். "மேட்ச்ல போடலேன்னாலும் பரவால்ல. பிராக்டிஸ்ல எல்லாரோடயும் ஆடணும்."

அவர்கள் ஜெயித்தார்கள். ஆட்டக்காரரை உடனடியாக முழு அணியோடு பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்படி ஓர் உத்தரவை வாங்குவது அத்தனை எளிதல்ல. வேறு இரண்டு முகவர்கள் போன் செய்து எப்படி வாதாடினீர்கள் என்று விவரம் கேட்டார்கள். மனைவி வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தச் சின்னக் கிளப் நடுக்களத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டது என்ற செய்தி மட்டும் அதே வாரத்தில் வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவன் அணிக்குத் திரும்பிய நாளில் முகவரும் போய் வேலிக்கு வெளியே நின்றார். பயிற்சியாளரே வந்து கொக்கின் கையைக் குலுக்கினார். பழைய அறை, பழைய அலமாரி, பழைய எண் போட்ட ஜெர்சி எல்லாம் கொடுத்திருந்தார்கள். ஓட்டம், உடற்பயிற்சி எல்லாவற்றிலும் அவனும் ஒருவன். பிறகு இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆட ஆரம்பித்தார்கள்.

கொக்கு நகர்ந்தான், நின்றான், கையைத் தூக்கினான். ஒரே ஒரு முறை ஒரு பையன் பந்தைக் கொடுத்தான். அடுத்த முறை பந்து வேறு பக்கம் போனது. மறுபடி நகர்ந்தான். பந்து வைத்திருந்தவன் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தான், பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி இரண்டு பேர் சூழ்ந்து நின்றவனுக்குக் கொடுத்தான். முதல் நாள்தானே, பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று முகவர் நினைத்துக்கொண்டார். மறுநாள் போய் நின்றார். அதற்கடுத்த நாளும் நின்றார். யாரும் கொக்கைத் திட்டவில்லை, தள்ளவில்லை, கேலி செய்யவில்லை. தண்ணீர் குடிக்கும்போது குப்பியைக்கூட அவனிடம் நீட்டினார்கள். பந்து மட்டும் அவனிடம் வரவில்லை. தடுப்பு வரிசையில் நின்ற கேப்டன் கொக்கு இருந்த திசைக்கே முகத்தைத் திருப்பவில்லை. எப்போதாவது எதிரணிக் காலில் பட்டுத் தெறித்த பந்து தானாக உருண்டு வந்தால் உண்டு. அவன் அதை அவசரமாக வாங்கி யாருக்காவது கொடுப்பான். கொடுத்த பந்து திரும்பி வராது.

முகவர் மறுபடி கண்ணாடி மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

இயக்குநர் ஒரு கிளிப்பை நேராக்கினார். "ஆர்டர்ல என்ன இருக்கு? டீமோட பயிற்சி. குடுக்கறோமே. யாரு யாருக்குப் பாஸ் குடுக்கணும்னு நான் போய் கிரவுண்ட்ல நின்னு சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்க."

பந்தை இவனுக்குக் கொடு என்று எந்தத் தீர்ப்பாயமும் எழுதாது. எழுதினாலும் எவனும் கொடுக்கமாட்டான்.

அவர் எழுந்திருக்கும்போது இயக்குநர் இன்னொன்றும் சொன்னார். குரலில் துளி மாற்றம் இல்லை. "கேப்டனோட புது ஒப்பந்தமும் இந்த மாசம் பேசி முடிச்சிடலாம். மூணு வருஷம் குடுக்கலாம்னு கோச் சொல்றார். இப்படியே நல்லா ஆடிட்டு இருந்தா."

மூன்று வருடம். கேப்டனின் வயதுக்கு அது யாரும் எதிர்பார்க்காத ஒன்று. போன மாதம்வரை ஒரு வருடத்துக்கே மூக்கால் அழுதவர்கள் இவர்கள்.

கேப்டன் அந்த வாரமே டயர் கடை மாடிக்கு வந்தான். எப்போதும் இரண்டு படியாகத் தாவி ஏறி வருகிறவன் அன்றைக்கு மெதுவாக ஏறி வந்தான். நாற்காலியில் உட்காராமல், ஜன்னலோரம் நின்று கீழே அடுக்கியிருந்த டயர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோச் எதுவும் சொல்லல அண்ணே," என்றான். "யாரும் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. ஆனா முதல் நாள் ஒரு பையன் கொக்குக்கு ஒரு பாஸ் குடுத்தான். அடுத்த மேட்ச்ல அவன் பேரு இல்ல. அவ்ளோதான், எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு."

"நீ?"

"நான் அந்தப் பக்கமே பாக்கறதில்ல. பாத்தா குடுத்துடுவேன்." ஜன்னலிலிருந்து திரும்பினான். "எனக்கு இதுதான் கடைசி ஒப்பந்தம். உங்களுக்கே தெரியும். என் கால் எப்படி இருக்குன்னும் தெரியும். வீட்ல ரெண்டு சின்னதுங்க. நீங்கதான் என் முகவர், நீங்களே சொல்லுங்க. நான் அவனுக்குப் பந்து குடுக்கவா வேணாமா?"

முகவர் முதலில் அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கப் பார்த்தார். உனக்கு வேறு நல்ல முகவராகப் பார்த்துத் தருகிறேன், இதில் நான் இரண்டு பக்கமும் நிற்பது முறையில்லை என்றார்.

"இப்பவா அண்ணே?" என்று கேட்டான் கேப்டன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஒப்பந்தம் முடியப்போகிற நேரத்தில் ஆளை மாற்றினால், புதிதாக வருகிறவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் கிளப்பின் மனம் மாறிவிடும். இன்னொருவனுக்கு யாராவது அப்படிச் செய்திருந்தால் முகவரே காறித் துப்பியிருப்பார். அவர் மேசைமேல் இருந்த கைகளைப் பார்த்தார். இந்தப் பதினைந்து வருடத்தில் ஆட்டக்காரர்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர் பொய் சொன்னதில்லை. அந்த ஒன்றை வைத்துத்தான் பிழைப்பே நடந்தது.

"உன் முகவரா கேட்டா," என்றார், "குடுக்காத."

கேப்டன் தலையை ஆட்டினான். பிறகு, "கொக்கோட அத்தானா கேட்டா?" என்றான்.

கீழே காற்றடிக்கிற இயந்திரம் கிளம்பியது. அறை முழுக்க அதிர்ந்தது. அது அடங்கட்டும் என்று முகவர் காத்திருந்தார். அது அடங்குவதற்கு முன்பே கேப்டன் படியிறங்கிப் போய்விட்டான்.

அடுத்த வாரம் ஒரு நாள் அவர் கடைசியாக அந்த வேலியோரம் நின்றார். வெயில் நன்றாக இருந்தது, புல் வெட்டியிருந்தார்கள். ஒரு கட்டத்தில் கேப்டனை மூன்று பேர் மறித்துக்கொண்டார்கள். கொடுக்க யாரும் இல்லை. பத்தடி தள்ளிக் கொக்கு தனியாக நின்று கையைத் தூக்கினான். முகவர் தன்னை அறியாமல் வேலிக் கம்பியைப் பிடித்தார். கேப்டன் அவனைப் பார்த்தான். முழுசாகவே பார்த்தான். பார்த்துவிட்டுப் பந்தை எல்லைக் கோட்டுக்கு வெளியே உதைத்துத் தள்ளினான்.

கொக்கு தூக்கிய கையை இறக்கினான். அதற்குப் பிறகு அவன் எங்கும் நகரவில்லை. ஆட்டம் அவனைச் சுற்றி நடந்தது. இந்தப் பக்கம் ஓடினார்கள், அந்தப் பக்கம் ஓடினார்கள், நடுவில் அவன் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றான். கொஞ்சநேரம் கழித்துப் பயிற்சியாளர் விசிலை ஊதிவிட்டு அருகில் வந்து ஏதோ கேட்டார். ஒன்றுமில்லை என்று அவன் தலையசைத்தது தெரிந்தது. அப்படியே நடந்து உடைமாற்றும் அறைக்குள் போனான்.

காரில் ஏறியவன் முதலில் கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். பிறகு, "நேத்து கேப்டன் என் வீட்டுக்கு வந்தான்," என்றான். "சோபால உக்காந்து அழுதான். அவனுக்குத் தண்ணி குடுத்து நான்தான் தேத்தினேன்."

முகவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"உங்ககிட்ட கேட்டதாச் சொன்னான். நீங்க என்ன சொன்னீங்கன்னும் சொன்னான்."

"தம்பி..."

"இல்ல அத்தான். சரியாத்தான் சொல்லிருக்கீங்க. என்கிட்ட கேட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லிருப்பேன்."

"உனக்குக் கோவமே வரலயா?"

கொக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "வந்தா நல்லா இருக்கும்," என்றான். "வரல."

எனக்கு விடுதலை வேண்டும், பாக்கியிருக்கும் காலத்துக்கு எதுவும் கோரமாட்டேன் என்று அன்றைக்கே எழுதிக் கொடுக்கச் சொன்னான். முன்பு சும்மா அனுப்ப முடியாது என்று ஒற்றைக்காலில் நின்ற கிளப், இப்போது மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. முதலாளிகளுக்குக் காட்ட அவனே கேட்டு எழுதிய கடிதம் இருந்தது. இயக்குநர் போனில் முகவருக்கு நன்றி சொன்னார். கொக்கின் எதிர்காலம் நன்றாக அமைய வேண்டும் என்றும் சொன்னார். அதை அவர் மனதாரவேதான் சொன்னார் என்று முகவருக்குத் தோன்றியது.

முகவர் விடவில்லை. கீழ்ப்பிரிவுக் கிளப் ஒன்றில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சோதனை ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். அங்கே எல்லோருக்கும் அவன் பெயர் தெரியும். ஆசையாகவே வரவேற்றார்கள். ஆட்டம் தொடங்கியதும் அவனுக்குத்தான் முதல் பந்தே வந்தது. வந்த பந்தை அவன் சூடுபட்டவன் மாதிரி உடனே தள்ளிவிட்டான், யாருக்கு என்று பார்க்காமலே. மறுபடி வந்தது, மறுபடி தள்ளினான். அதன் பிறகு பந்து வரமுடியாத இடமாகப் பார்த்து, யார் முதுகுக்கேனும் பின்னால் போய் நிற்க ஆரம்பித்தான். அந்த அணியின் மேலாளர் நல்ல மனிதர். ரொம்ப நாள் ஆடவில்லை இல்லையா, நாளைக்கும் வரட்டும், சரியாகிவிடும் என்றார்.

மறுநாள் முகவர் போய் அழைத்தபோது கொக்கு கதவைத் திறந்தான். ஷூவை எடுக்கவில்லை. "வேணாம் அத்தான்," என்றான். அவர் வற்புறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிரு என்று இன்னொரு முறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவன் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டான். பின்பக்க அறையில் இருந்தான். ஆட்டத்தை விட்டுவிட்டவன் குடித்தால், சண்டை போட்டால் அதையாவது சமாளிக்கலாம். அவன் அக்காவுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தான், மழை வந்தால் துணி எடுத்தான், கூப்பிட்டால் வந்தான். சாயங்காலங்களில் ஷூ இல்லாத காலோடு தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து படுத்துக்கொள்வான். சில நாள் மதியம்வரை எழுந்திருக்க மாட்டான். மனைவி மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் மாத்திரை எழுதினார், நாளாகும் என்றார்.

கேப்டனின் ஒப்பந்தம் சொன்னபடி மூன்று வருடத்துக்கு முடிந்தது. கையெழுத்தான அன்று கோப்பைகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நடுவில் ஜெர்சியைப் பிடித்துக்கொண்டு கேப்டன், ஒரு பக்கம் இயக்குநர், இன்னொரு பக்கம் முகவர். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார்கள். படம் மறுநாள் எல்லோருடைய போனிலும் வந்தது.

அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது பின்பக்க அறையின் கதவு சாத்தியிருந்தது. மனைவி மேசையருகே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பியின் சட்டை ஒன்று அவள் மடியில் இருந்தது. கேப்டன் மாடிக்கு வந்து கேட்டதும், தான் சொன்னதும் அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவருக்கு இதுவரை புலப்படவில்லை. அவள் கேட்டதில்லை. அவரும் வாயைத் திறந்ததில்லை. இன்றைக்குக் கேட்டுவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றியபடி வாசலிலேயே நின்றார். கேட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

"போட்டோ பாத்தோம்," என்றாள் அவள்.

"ம்."

"தம்பியும் பாத்தான். போனைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தான்."

"என்ன சொன்னான்?"

அவள் சட்டையின் கைகளை உள்பக்கமாக மடித்து, கழுத்துப் பட்டையை நீவிவிட்டாள்.

"கேப்டன் ரொம்ப இளைச்சுட்டான், சரியா சாப்பிடறதில்ல போலன்னு சொன்னான்," என்றாள்.